மாமாவின் ஆட்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள வாண்டுக்கு,

மாமா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய், நலமில்லை என்று எழுதினால் உன் அத்தை பேனாவைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை லேபிலேயே குடியிருக்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அத்தை ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். கடிதத்தையும் படிப்பாள்தான். ஆனால் அழுது முடித்துவிட்டு என்னிடம் தருவாள்.

சிகிச்சை ஆரம்பிக்கும் முன் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்களே, அதில் கொஞ்சம் உன் லேபுக்கு வந்து சேர்ந்ததா? நோயாளியின் பெயர் தெரியக் கூடாதாம், நம்பர்தான் போடுவார்களாம். முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனுக்கு நம்பரா? என் பட்டப்பெயரை எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். 'பிரேக்' என்று எழுதியே அனுப்பினார்கள். ஆக, ரத்தப் புற்றுநோய் பிடித்த என் செல்கள், அதாவது என் ஆட்கள் கொஞ்சம் பேர், இப்போது உன் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் நலமா?

ஒரே நிபந்தனை. நல்லதோ கெட்டதோ, என்னிடம் மறைக்காதே. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததை என் சொந்த அக்கா என்னிடம் மறைத்தாள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளோடு பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் உன்னைப் பெற்றவள் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

அன்புடன்,
உன் மாமா


பிப்ரவரி 15

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலம். மருந்துக்குப் பிறகு வரும் வாந்தி குறைந்திருக்கிறதா? அத்தையை அழுகையைக் குறைத்துக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருப்பது உங்களுக்குக் கெட்ட செய்தி என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

அவர்களை இரண்டு வீடுகளில் குடிவைத்திருக்கிறேன். ஒன்று சாதாரணப் பெட்டி. நாம் மூச்சு விடுகிற அதே காற்று, நூற்றில் இருபது பங்குக்கு ஆக்சிஜன். பெரும்பாலும் எல்லோரும் செல்களை வளர்ப்பதும் மருந்தைச் சோதிப்பதும் இப்படிப்பட்ட பெட்டியில்தான். ஆனால் எலும்புக்குள் அவ்வளவு காற்று ஏது? மஜ்ஜையின் சில மூலைகளில் நூற்றில் ஒரு பங்குதான் இருக்கும். அதனால் இன்னொரு வீடு. கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஒரு சதவீத ஆக்சிஜன். முன்பக்கம் பொருத்தியிருக்கும் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும்.

ஆட்கள் ஒன்றுதான், குணம் வேறு. காற்றுள்ள வீட்டில் ஒரே கும்மாளம், ஒன்று இரண்டாகி இரண்டு நாலாகிப் பெருகுகிறார்கள். காற்றில்லாத வீட்டில் பாதிப் பேர் பெருகுவதையே நிறுத்திவிட்டார்கள். மரபணுக்களைப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் மாறியிருக்கின்றன. பெருகச் சொல்கிறவை அடங்கிவிட்டன. காற்று இல்லாமல் சர்க்கரையை வைத்தே பிழைத்துக்கொள்ளச் சொல்கிறவை விழித்துக்கொண்டன.

அடுத்த வாரம், டாக்டர் உங்களுக்குக் கொடுக்கும் அதே மருந்தை இரண்டு வீட்டுக்கும் ஊற்றப்போகிறேன். அறிக்கை துறைத் தலைவருக்கு. பதில் உங்களுக்கு.

அம்மாவுக்கு முட்டி வலி. மற்றபடி நலம்.

அன்புடன்,
வாண்டு


பிப்ரவரி 27

அன்புள்ள வாண்டுக்கு,

வாந்தி குறைந்துவிட்டது. முடி மொத்தமும் போய்விட்டது. ஹெல்மெட் இப்போதுதான் சரியாகப் பொருந்துகிறது.

உன் கடிதத்தால் இங்கே ஒரு கூத்து. 'கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறார்கள்' என்ற வரியோடு உன் அத்தை நிறுத்திவிட்டாள். நேராக மாடி வீட்டுக்காரியிடம் போய், "அவர் ஆளுங்கல்லாம் நல்லா இருக்காங்களாம், இனிமே பயமே இல்லையாம்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் ஒரு கூடைப் பழத்தோடு வந்துவிட்டார். பழத்தைத் தின்று முடித்த பிறகுதான் நான் விஷயத்தை விளக்கினேன்.

காற்றில்லாத வீட்டுக்காரர்கள் செய்வது எனக்குப் புரிகிறது. வண்டியை நியூட்ரலில் போட்டு, இஞ்சினை அணைக்காமல் ஓரமாக நிற்கிறார்கள். போலீஸ் போனதும் கிளம்பலாம் என்று நினைப்பு.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். அவரைப் பார்க்க ஒரு ஆள்கூட வரவில்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே திரும்புவார். வருவது என்னைப் பார்க்கத்தான் என்று தெரிந்ததும் சுவர் பக்கம் படுத்துக்கொள்வார். போன வாரம் கட்டில் காலியாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். எதிரிகள்தான், இருந்தாலும் என் உடம்பில் பிறந்தவர்கள். அந்த மூச்சு முட்டும் வீட்டில் இருப்பவர்களைத் தினமும் ஒரு தடவை எட்டிப் பார். "என்னடா, இன்னும் சாகலையா?" என்று என் சார்பில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா.

அன்புடன்,
மாமா


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அத்தையைக் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்லுங்கள்.

செத்துவிட்டார்கள். இரண்டு வீட்டிலும்! காற்றுள்ள வீட்டில் மருந்து சீக்கிரமே துடைத்து எடுத்துவிட்டது. காற்றில்லாத வீட்டில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். நீங்கள் சொன்னபடி ஒருநாள் விடாமல் எட்டிப் பார்த்தேன். தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பேன், "இன்னும் சாகலையா?" என்று கேட்பேன், திரும்ப வைப்பேன். பக்கத்து மேஜைக்காரி என்னை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். போன வெள்ளிக்கிழமை கேட்டபோது பதில் சொல்ல ஒருத்தரும் மிச்சமில்லை.

துறைத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. எலும்புக்குள் ஒளிந்தாலும் இந்த மருந்து விடாது என்று அறிக்கை எழுதச் சொல்லிவிட்டார். ஒரு தடவை திரும்பச் செய்து காட்டிவிட்டால் போதும்.

அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பேருக்குச் சமைக்க வேண்டியவள் நாலு பேருக்குச் சமைத்தாள்.

அன்புடன்,
வாண்டு


ஏப்ரல் 3

என் அன்புச் செல்லத்துக்கு,

நலமோ நலம். உன் கடிதத்தைப் படித்து உன் அத்தை அழுதாள். இந்தத் தடவை நானும் கூட உட்கார்ந்து அழுதேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். ரத்தம் சுத்தமாகிவிட்டது, ஆனால் திரும்பி வர வாய்ப்பு அதிகம், அதனால் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொள் என்று டாக்டர் ஜனவரியிலிருந்தே ஒற்றைக்காலில் நிற்கிறார். கூடப் பிறந்தவர்களின் மஜ்ஜை பொருந்தினால் நல்லதாம். எனக்குக் கூடப் பிறந்தது ஒருத்திதான். அவளிடம் போய்க் கை நீட்டுவதா? அதற்கு நான் போய்ச் சேரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று உன் கடிதத்தை டாக்டரின் மேஜையில் வைத்தேன். "ஆளுங்க எலும்புக்குள்ளயே செத்துட்டாங்க சார், உங்க மாற்று சிகிச்சை எனக்கு வேண்டாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தட்டுல நடக்கிறது வேற, உடம்புல நடக்கிறது வேறங்க" என்றார். என் மருமகள் பொய் சொல்ல மாட்டாள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஸ்கூலைத் திறக்கிறேன். மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் ரிட்டையரான கணக்கு வாத்தியார். இடது பக்கம் எது என்று கேட்டால் யோசிக்கிறார்.

அன்புடன்,
மாமா


மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆசை. பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

இங்கே ஒரு வாரமாக மழை. தெருவில் தண்ணீர் தேங்கி பஸ் எல்லாம் சுற்றிப் போகிறது. லேபில் கூரை ஒழுகி, மைக்ராஸ்கோப்புக்குக் குடை பிடிக்காத குறை. அம்மாவுக்கு மழைக் குளிரில் முட்டி வலி கூடியிருக்கிறது. கணக்கு வாத்தியார் எப்படி ஓட்டுகிறார்?

டாக்டரிடம் அந்த மாற்று சிகிச்சை விஷயத்தை அடியோடு முடித்துவிட வேண்டாம், கொஞ்ச நாள் திறந்தே வைத்திருக்கட்டும் என்று சொல்லி வையுங்கள். சும்மாதான் சொல்கிறேன்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
வாண்டு


மே 24

வாண்டு,

உன் கடிதத்தில் மழை இருக்கிறது, பஸ் இருக்கிறது, கூரை இருக்கிறது, கணக்கு வாத்தியார்கூட இருக்கிறார். என் ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. திரும்பச் செய்வதாகச் சொன்ன சோதனை என்ன ஆயிற்று?

புதிதாக ஓட்ட வருகிறவர்கள் கிளட்சிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்கள். வண்டி போகிற மாதிரியும் இருக்க வேண்டும், போகாத மாதிரியும் இருக்க வேண்டும். நீ அப்படித்தான் எழுதியிருக்கிறாய். 'சும்மாதான் சொல்கிறேன்' என்று யார் சொன்னாலும் அது சும்மா இல்லை.

அப்பா சாவதற்கு முன் உன் அம்மா எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்திலும் மழையைப் பற்றித்தான் இருந்தது.

காலை எடு.

மாமா


மே 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிக்கும் தைரியம் இன்று எனக்கு இல்லை. மார்ச்சில் எழுதியது தப்பு. காற்றில்லாத வீட்டில் உங்கள் ஆட்கள் தானாகச் சாகவில்லை. எட்டிப் பார்த்துப் பார்த்து நான்தான் அவர்களைச் சாகவைத்தேன்.

மைக்ராஸ்கோப் அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. தினமும் தட்டை வெளியே எடுத்து, உங்கள் சார்பில் கேட்டுவிட்டு, நிதானமாகத் திரும்ப வைத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் காற்று இறங்கிவிடுகிறது. அடங்கியிருந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, பெருக ஆரம்பிக்கிறார்கள். இந்த மருந்து பெருகுகிறவர்களைத்தான் பிடித்துக் கொல்லும். நியூட்ரலில் நின்றவர்களுக்கு நானே கியர் போட்டு நடுரோட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். செல் வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த பாலபாடம் இது. நான் விசாரிக்கிற மும்முரத்தில் மறந்துபோனேன்.

திரும்பச் செய்தபோது மைக்ராஸ்கோப் ரிப்பேர், அதனால் எட்டிப் பார்க்க முடியவில்லை. கடைசியில் பார்த்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். நம்பாமல் மறுபடி செய்தேன், பிறகு இன்னொரு தடவை, கடைசிவரை கையுறைக்குள்ளேயே கையை வைத்துக்கொண்டு. அதே கதைதான். பெருகவும் இல்லை, சாகவும் இல்லை. மருந்தைக் கழுவிக் காற்றுள்ள வீட்டுக்கு மாற்றியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கும்மாளம்.

இதுவும் தட்டுதான், உடம்பு இல்லை. உங்கள் எலும்புக்குள் யாராவது இருக்கிறார்களா என்று என்னால் சத்தியமாகச் சொல்ல முடியாது. ஆனால் என் கடிதத்தைக் காட்டித்தான் நீங்கள் சிகிச்சை வேண்டாம் என்றீர்கள். அந்தக் கடிதத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஏன் மறைத்தேன்? சொன்னால் அம்மாவிடம் கேட்க வேண்டிவரும், நீங்கள் கேட்க மாட்டீர்கள், தெரிந்தே சாவீர்கள் என்று பயந்தேன். நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

துறைத் தலைவர், "முதல் தடவை வந்தது அழகா இருக்கும்மா, அதையே வெச்சுக்கலாம். வெளியே எடுத்ததை எழுத வேண்டாம்" என்கிறார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்,
வாண்டு


ஜூலை 1

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தால் அத்தை, "அவர் பார்க்கிங் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கார்மா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு என்ன பார்க்கிங்? நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். கோபப்படுங்கள், அது உங்கள் உரிமை. நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

இங்கே என் மேஜையைப் பறித்து ஸ்டோர் ரூம் பக்கம் தள்ளிவிட்டார்கள். இன்னும் மூன்று நோயாளிகளின் செல்களை வைத்து, எட்டிப் பார்க்காமல், அதே சோதனையைச் செய்து முடித்தேன். இரண்டு பேருடையது உங்களுடையதைப் போலவே சாகாமல் அடங்கிக் கிடந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். என்னால்தான் முதல் சோதனை கெட்டது என்பதையும் சொன்னேன். பழைய அறிக்கையைத் துறைத் தலைவர் என் பெயர் இல்லாமல் போடுவதானால் போடட்டும், போட்ட மறுநாளே தப்பு என்று நான் எழுதுவேன்.

அம்மா போன மாதம் இரண்டு தடவை கண் டாக்டரிடம் போய்வந்தாள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறாள். கண்ணாடி மட்டும் மாறவில்லை.

மருந்தை நிறுத்தாமல் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
வாண்டு


ஜூலை 12

வாண்டுக்கு,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்தாயா? கோபம் பாக்கி இருக்கிறது. ஆறேழு வாரம் என்னை மழையில் நிறுத்திவைத்தாய். ஆனால் கேட்டதும் சொன்னாய். இந்தக் குடும்பத்தில் அதுவே பெரிய விஷயம். நீ கூட்டத்தில் நின்ற கதையை உன் அத்தை மாடி வீடு, எதிர் வீடு எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். இந்தத் தடவை சரியாகவே சொல்லியிருக்கிறாள்.

பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, பயம். ராத்திரி படுத்தால் எலும்புக்குள் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. ஒரு மாதம் பயந்து பார்த்தேன். அலுத்துவிட்டது. மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

இதோடு ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். உன் அம்மாவிடம் கொடு. எட்டிப் பார்க்காதே.

மாமா


அதே நாள்

அக்காவுக்கு,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. அப்பா விஷயத்தை மறைத்தது தப்பு. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், உன் மஜ்ஜை என் உடம்புக்குள் ஓடினாலும் சொல்வேன்.

என் ஆட்கள் சிலர் எலும்புக்குள் பதுங்கியிருக்கலாம் என்கிறாள் உன் மகள். அவர்களாக எழுந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க என்னால் முடியாது. குடியிருப்பவர்களைக் கூண்டோடு காலி செய்துவிட்டுப் புது ஆட்களைக் குடிவைக்கப்போகிறேன். அதற்கு உன் ஆட்கள் வேண்டும். முதலில் ரத்தம் எடுத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்களாம். கூடப் பிறந்தவர்களிலேயே நாலில் ஒருவருக்குத்தான் பொருந்துமாம்.

சம்மதம் என்றால் சொல். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல். மழையைப் பற்றி எழுதாதே.

முட்டி எப்படி இருக்கிறது?

தம்பி


ஜூலை 17

தம்பிக்கு,

முட்டி வலிக்கிறது. நீ கேட்டதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உன் பெண்டாட்டி சாப்பிடுகிறாளா? உன்னைக் கட்டிக்கொண்டதற்கு அவள்தான் நோயில் படுத்திருக்க வேண்டும்.

அப்பா விஷயத்தில் நான் செய்தது சரிதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்குச் சொல்லாத, தாங்க மாட்டான்" என்றார். யார் பேச்சைக் கேட்பது, அவர் பேச்சையா, உன் பேச்சையா? நீ சாகிற வரைக்கும் தப்பு என்றே சொல்லிக்கொண்டிரு. எனக்குக் கவலை இல்லை. அதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும், என் கவலை அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்தேன். வாண்டு எல்லாவற்றையும் சொன்னாளே, அந்த வாரமே பஸ் ஏறி உன் டாக்டரிடம் போய் ரத்தம் கொடுத்தேன். இவளிடம் கண் டாக்டர் என்று சொல்லிவைத்தேன். முடிவு வந்து மூன்று வாரம் ஆகிறது. பொருந்துகிறது. உனக்கு அப்போதே சொல்லியிருந்தால் வீம்புக்கென்றே வேண்டாம் என்றிருப்பாய். நீயாகக் கேட்கட்டும் என்று, டாக்டரையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த மூன்று வாரமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நின்றதை யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டி கட்டிவிட்டேன். தேதி சொல், வருகிறேன்.

இதையும் மறைத்தேன் என்று மறுபடி ஒன்பது வருஷம் பேசாமல் இருக்கப்போகிறாய் என்றால், இரு. ஒரு நாள் குறையாமல் ஒன்பது வருஷமும் இரு.

அக்கா